பாலைநில ஃபிடில்நெக்: சுணை அடர்ந்த ஒருபருவப் பூச்செடியை இனம் பிரித்து அறியும் முறை

கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் குளிர்கால மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில், மார்ச், ஏப்ரல் மாதங்களில் வண்டியை நிறுத்தி இறங்கி நடப்பவர் கண்ணில் தவறாமல் படும் செடிகளில் ஒன்று ஃபிடில்நெக். ஒரு சாண் முதல் முழங்காலைத் தாண்டிய உயரம் வரை அது நிமிர்ந்து வளரும். நுனியில் பூங்கொத்து தேள்வால் போலச் சுருண்டிருக்கும். பூ, ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறம். தண்டு, இலை, புல்லி என ஓரிடம் விடாமல் விறைப்பான சுணை மூடியிருக்கும். இவ்வளவையும் பார்த்தவுடன் இது அம்சிங்கியா பேரினம் என்று துணிந்து சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பேரினத்தில் எந்த இனம் என்ற கேள்விக்கு மேற்சொன்ன அடையாளங்களில் ஒன்றுகூட விடை தராது. அவை எல்லா ஃபிடில்நெக்குகளுக்கும் பொதுவானவை.

பாலைவனத்துக்கே உரிய இனமாகக் கருதத்தக்கது அம்சிங்கியா டெஸ்ஸெலேட்டா. அமெரிக்கத் தாவரவியலாளர் ஆசா கிரே 1874இல் இதற்கு இப்பெயரிட்டார். மொஹாவி, சோனோரா பாலைவனங்கள், அவற்றுக்கு வடக்கே நெவாடா, யூட்டா, கிழக்கு ஓரிகன், வாஷிங்டன் மாநிலங்களின் வறண்ட சமவெளிகள், தெற்கே மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா ஆகிய பகுதிகள் இதன் சொந்த மண். இச்செடியை மற்ற ஃபிடில்நெக்குகளிலிருந்தும், சுணையுள்ள வேறு பாலைநிலச் செடிகளிலிருந்தும் பிரித்து அறிவது எப்படி என்பதே இங்கே சொல்லப்படுவது.

குடும்பம் போராஜினேசி. தமிழ்நாட்டு வாய்க்கால் ஓரங்களில் தேள்கொடுக்கையும், தரிசு நிலத்தில் கவிழ்தும்பையையும் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தக் குடும்பத்தின் சாயல் புதிதாக இராது. தேள்கொடுக்கின் ஒருபக்கம் சுருண்ட பூந்தண்டும், கவிழ்தும்பை இலையில் புடைத்த அடியோடு நிற்கும் சொரசொரப்பான சுணையும் ஒரே செடியில் சேர்ந்து வந்தால் ஏறக்குறைய ஃபிடில்நெக்கின் தோற்றம் கிடைத்துவிடும். தேள்கொடுக்கைத் தனிக் குடும்பத்தில் வைக்கும் அறிஞர்களும் உண்டு என்றாலும், களத்தில் கண்ணைப் பழக்குவதற்கு அந்தப் பிரிவினை தடையாகாது.

எங்கே, எப்போது தேடுவது

இது ஓராண்டுச் செடி. இலையுதிர்காலத்தின் பிற்பகுதியிலோ குளிர்காலத்திலோ ஒரே மழைத்தொடரில் சுமார் 25 மில்லிமீட்டர் அளவுக்காவது மண் நனைந்தால்தான் மொஹாவியின் குளிர்கால ஒருபருவச் செடிகள் பெருவாரியாக முளைக்கும். மழை பொய்த்த ஆண்டில் விதைகள் மண்ணிலேயே உறங்கிக் கிடக்கும். ஆகவே, போன வசந்தத்தில் பார்த்த இடத்தில் இந்த வசந்தத்தில் ஒரு செடிகூட இல்லாமல் போவது இயல்பே.

வாஷ் எனப்படும் வறண்ட மணல் ஓடைகளின் கரைகள், சரளைக்கல் சரிவுகள், மண் கிளறப்பட்ட சாலையோரங்கள் ஆகியவை நல்ல இடங்கள். எல்லாவற்றையும்விடக் கிரியோசோட் புதரின் அடிப்பகுதியை முதலில் பார்ப்பது பயன் தரும். திறந்த வெளியில் சாண் உயரத்தோடு நின்றுவிடும் இச்செடி, புதரின் நிழலிலும் அங்கே சேர்ந்த சருகு மண்ணிலும் இரண்டு மடங்கு உயரம் வளர்ந்து, புதரின் கிளைகளுக்கிடையே தலைநீட்டி நிற்பதைக் காணலாம். ஜோஷுவா மரத் தேசியப் பூங்கா, மரணப் பள்ளத்தாக்கு, மொஹாவி தேசியக் காப்பகம், லங்காஸ்டருக்கு அருகிலுள்ள ஆன்ட்டிலோப் பள்ளத்தாக்கு ஆகிய எல்லா இடங்களிலும் இது உண்டு. கடைசியாகச் சொன்ன இடத்தில் கலிபோர்னியா கசகசாப் பூக்களைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக வருகிறவர்கள், அவற்றுக்கு நடுவே மஞ்சளாக நிற்பதை என்னவென்று கேளாமலேயே மிதித்துக்கொண்டு போவது வழக்கம்.

பூக்கும் பருவத்துக்கு முன்பே இதை அடையாளம் காண ஒரு வழி இருக்கிறது. முளைத்து வரும் நாற்றின் விதையிலைகள் இரண்டும் நடுவில் ஆழமாகப் பிளந்து, ஒவ்வொன்றும் கவட்டைபோல் தோன்றும். அவசரமாகப் பார்த்தால் நான்கு விதையிலைகள் இருப்பதாக எண்ணத் தோன்றும். இதன் உறவுச் செடியான கிரிப்டாந்தாவின் விதையிலைகளில் இத்தகைய பிளவு இல்லை. சனவரியில் பாலைவனம் செல்ல நேர்ந்தால் பேரினத்தை ஊகிக்க இந்த அடையாளம் நல்ல துணை.

தொடுவதற்கு முன்

இச்செடியின் சுணை தோலில் குத்தி முறியும்; அரிப்பும் தடிப்பும் உண்டாகும். போராஜினேசிக் குடும்பத்துச் சுணைகளின் சுவரில் சுண்ணாம்போ சிலிக்காவோ படிந்து அவற்றைக் கெட்டியாக்குவதே இதற்குக் காரணம். முழுக்கைச் சட்டை அணிவதும், தண்டைப் பிடிக்கச் சிறு இடுக்கி வைத்திருப்பதும் நல்லது. தோலில் சுணை ஏறிவிட்டால் தேய்க்கக் கூடாது; ஒட்டும் நாடாவை அழுத்தி ஒட்டி உரித்தெடுத்தால் பெரும்பாலானவை அதனோடு வந்துவிடும்.

செடியின் எந்தப் பகுதியையும் வாயில் வைக்கக் கூடாது. ஃபிடில்நெக்குகளில் பைரோலிசிடின் வகை ஆல்கலாய்டுகள் உள்ளன. இவை கல்லீரலைப் பாதிக்கும் நஞ்சு. அவற்றுள் ஒன்றான இன்டர்மெடின், இதே பேரினத்து அம்சிங்கியா இன்டர்மீடியாவிலிருந்துதான் தன் பெயரைப் பெற்றது. விதை கலந்த தீவனத்தைத் தொடர்ந்து தின்ற குதிரைகளும் மாடுகளும் பன்றிகளும் கல்லீரல் கெட்டு மடிந்தது அமெரிக்காவின் வடமேற்கு மாநிலங்களில் நெடுங்காலமாக அறியப்பட்ட செய்தி. செம்மறியாடுகள் இந்த நஞ்சை ஓரளவு தாங்கும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுவது முறை. தேசியப் பூங்காக்களிலும் மாநிலப் பூங்காக்களிலும் செடியைப் பறிப்பது சட்டப்படி குற்றம். பின்வரும் சோதனைகளில் ஒன்றே ஒன்றைத் தவிர மற்ற யாவற்றையும் செடியைப் பிடுங்காமல், மண்டியிட்டு அமர்ந்தபடியே செய்துவிடலாம். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், மில்லிமீட்டர் குறித்த சிறு அளவுகோல், உள்ளங்கை அளவு கறுப்பு அட்டை ஆகியவையே தேவை.

சுணையைப் படிக்கும் விதம்

கறுப்பு அட்டையைத் தண்டுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு, வெயில் பக்கவாட்டில் விழும்படி லென்ஸ் வழியே பாருங்கள். ஒவ்வொரு நீளச் சுணையும் ஒரு சிறு கொப்புளத்தின் உச்சியிலிருந்து எழுவது தெரியும். இலையின் மேற்பரப்பில் இந்தக் கொப்புளங்கள் வெண்புள்ளிகளாகத் தெளிவாகவே தெரியும். இலை காய்ந்த பிறகும் அவை மறையா. நீளச் சுணைகள் தண்டுக்கு ஏறக்குறையச் செங்குத்தாக விரிந்து நிற்கும். அவற்றின் இடையிடையே குட்டையான, மெல்லிய மயிர்களும் இருக்கலாம். சுணையின் முனையில் கொக்கியோ, பசைத்துளி தாங்கிய தலையோ கிடையாது. கூர்மை மட்டுமே உண்டு. இந்த மூன்றையும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்: புடைத்த அடி, விரிந்த நிலை, கொக்கியும் பசையும் இல்லாத முனை.

இது நம்மைக் குடும்பம் வரையிலும், சுருண்ட மஞ்சள் பூங்கொத்தோடு சேர்த்துப் பார்த்தால் பேரினம் வரையிலும் கொண்டுசேர்க்கும். அதற்கு மேல் அல்ல. 'அதிகச் சுணை உள்ளது டெஸ்ஸெலேட்டா, குறைவாக உள்ளது மற்றது' என்று சிலர் சொல்வதுண்டு. மழையும் நிழலும் சுணையின் அடர்த்தியை மாற்றிவிடும் என்பதால் அந்த விதியை நம்பி முடிவெடுப்பது வீண்.

புல்லிவட்டமே தீர்ப்பு சொல்லும்

பூவைப் பார்க்காதீர்கள், பூவைத் தாங்கி நிற்கும் பச்சைப் புல்லிவட்டத்தைப் பாருங்கள் என்பதே இந்த வழிகாட்டியின் சாரம். இனங்காண முடியாமல் நின்றுபோன ஃபிடில்நெக் படங்களில் பெரும்பாலானவை, சுருளையும் மஞ்சள் பூவின் முகத்தையும் அழகாகக் காட்டிவிட்டுப் புல்லியை மங்கலாக விட்டுவிட்டவையே.

பாலைவனத்தில் இச்செடியோடு ஒரே ஓடைக்கரையில் கலந்து வளரக்கூடிய அம்சிங்கியா இன்டர்மீடியா, அம்சிங்கியா மென்சீசியி ஆகிய இரண்டிலும் புல்லிவட்டத்தில் ஐந்து மடல்கள் இருக்கும். ஐந்தும் ஏறத்தாழ ஒரே அகலம். ஒவ்வொன்றும் அடிவரை தனித்தனியாகப் பிரிந்திருக்கும். டெஸ்ஸெலேட்டாவில் அவ்வாறு இல்லை. அடுத்தடுத்த மடல்கள் இரண்டு, சில பூக்களில் மூன்று, ஒன்றோடொன்று ஒட்டி ஒரே மடலாகிவிடுவதால், எண்ணிப் பார்த்தால் நான்கு, மூன்று, சில வேளைகளில் இரண்டு மடல்கள் மட்டுமே தேறும். அவையும் சமமாக இரா. ஒட்டிப்போன மடல் அகலமாகவும், தனித்து நின்ற மடல் குறுகலாகவும் இருக்கும். அகலமான மடலின் நுனியில் இரண்டு அல்லது மூன்று சிறு பற்கள் தெரியும். அந்தப் பற்கள், எத்தனை மடல்கள் ஒன்றாயின என்பதற்கு மிஞ்சிய சாட்சி.

எண்ணும் முறையில் சற்றுக் கவனம் வேண்டும். சுருளின் உள்பக்கத்தில் இருக்கும் மொட்டுகளில் சுணை அடர்ந்து மடல்களை மறைத்துவிடும். அங்கே எண்ண முயல்வது நேர விரயம். பூந்தண்டு நிமிர்ந்துவிட்ட கீழ்ப்பகுதிக்கு வாருங்கள். அங்கே பூ உதிர்ந்து, புல்லிவட்டம் காயைப் பொதிந்தபடி பெரிதாகியிருக்கும். இடுக்கியால் தண்டை மெல்லத் திருப்பி, புல்லிவட்டத்தின் நான்கு பக்கங்களையும் ஒரு சுற்று பாருங்கள். ஒரு பக்கத்தில் அகன்ற மடல், அதன் நுனியில் நடுவே ஒரு வெட்டு, வெட்டின் இருபுறமும் கூரிய இரு பற்கள், மடலின் விளிம்பு நெடுகச் செம்மை கலந்த வெண்ணிறச் சுணை, எதிர்ப்பக்கத்தில் அதில் பாதி அகலமே உள்ள ஒற்றை மடல் என்று காணக் கிடைத்தால் உங்கள் முன் நிற்பது பெரும்பாலும் டெஸ்ஸெலேட்டாதான்.

ஒரே பூவோடு நிறுத்திக்கொள்ளாமல் ஒரு செடியில் ஏழெட்டுப் பூக்களையாவது பார்க்க வேண்டும். டெஸ்ஸெலேட்டாவிலும் ஐந்து மடலும் பிரிந்த பூ ஒன்றிரண்டு இருக்கலாம். ஐந்து மடல் இனங்களிலும் தற்செயலாக இரண்டு மடல்கள் அடியில் ஒட்டியிருக்கலாம். சுணைகள் பின்னிக்கொண்டு இரு மடல்களை ஒன்றுபோல் காட்டுவதும் உண்டு. இடுக்கியின் முனையால் மெல்ல நெம்பிப் பார்த்தால் ஒட்டியதும் ஒட்டாததும் தெரிந்துவிடும். பெரும்பான்மைப் பூக்கள் எதைச் சொல்கின்றனவோ அதையே ஏற்க வேண்டும்.

பூ, நரம்பு, கொட்டை

பூவும் முற்றிலும் பயனற்றது அன்று. டெஸ்ஸெலேட்டாவின் வழக்கமான வகையில் பூவின் நீளம் 12 மில்லிமீட்டருக்கு உட்பட்டே இருக்கும்; வாய் அகலம் 2 முதல் 6 மில்லிமீட்டர். மென்சீசியியின் பூ வெளிர்மஞ்சள், 4 முதல் 7 மில்லிமீட்டர் நீளம், கண்ணுக்கு மிகச் சிறியதாகத் தெரியும். இன்டர்மீடியாவின் பூ ஆரஞ்சு மஞ்சள், அளவிலும் டெஸ்ஸெலேட்டாவை ஒத்தது. ஆகவே இந்த இரண்டுக்கும் இடையில்தான் பூ நம்மைக் கைவிடுகிறது. 1993இல் வெளியான கலிபோர்னியத் தாவரக் கையேட்டில் இன்டர்மீடியாவும் மென்சீசியியும் ஒரே இனத்தின் இரு வகைகளாக வைக்கப்பட்டு, 2012இன் இரண்டாம் பதிப்பில் மறுபடியும் தனித்தனி இனங்களாயின. பழைய பதிவுகளைப் படிக்கும்போது இந்தப் பெயர் மாற்றத்தை நினைவில் வைத்துக்கொள்வது குழப்பத்தைத் தவிர்க்கும்.

டெஸ்ஸெலேட்டாவிலேயே குளோரியோசா என்றொரு வகை இருக்கிறது. அதன் பூ 12 முதல் 16 மில்லிமீட்டர் வரை நீண்டு, வாயும் அகன்று, தொலைவிலிருந்தே பளிச்சென்று தெரியும். கரிசோ சமவெளியும் அதை ஒட்டிய மலைச்சரிவுகளும் அதற்குப் பேர்பெற்ற இடங்கள். அம்சிங்கியாவில் பெரிய பூ கொண்ட சில இனங்களில், சில செடிகளின் பூக்களில் சூல்தண்டு நீண்டு வாய்ப்பகுதியில் நிற்கும், மகரந்தப் பைகள் கீழே தங்கிவிடும். வேறு சில செடிகளின் பூக்களில் இது தலைகீழாக இருக்கும். தேனீக்கள் வழியே அயல்மகரந்தச் சேர்க்கை நடப்பதற்கான ஏற்பாடு இது. சிறு பூ கொண்ட வழக்கமான டெஸ்ஸெலேட்டாவிலோ இரண்டும் ஒரே உயரத்தில் இருந்து தன்மகரந்தச் சேர்க்கை எளிதாக நடந்துவிடுகிறது. பாலைவனம் போல், தேனீ வருமா வராதா என்ற நிச்சயமில்லாத இடத்தில் இந்தச் சிறுபூ வகை பரவலாக இருப்பதில் வியப்பில்லை.

பறித்துச் செய்ய வேண்டிய ஒரே சோதனை பூக்குழலின் நரம்புகளை எண்ணுவது. அனுமதியுள்ள இடத்தில் ஒரு பூவை எடுத்து, குழலை நீளவாக்கில் கீறி விரித்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து லென்ஸால் அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும். டெஸ்ஸெலேட்டாவில் குழலின் அடியருகே சுமார் 20 நரம்புகள் இருக்கும். இன்டர்மீடியாவிலும் மென்சீசியியிலும் 10. இதற்குப் பொறுமையும் நல்ல வெளிச்சமும் வேண்டும். காற்று வீசும் பாலைவனத்தில் நின்றுகொண்டு செய்யத்தக்க வேலை அன்று என்பது என் கருத்து. புல்லியிலும் கொட்டையிலும் ஐயம் நீங்காதபோது மட்டும் இதை நாடலாம்.

கொட்டையோ எளிது. ஒவ்வொரு பூவும் முற்றினால் புல்லிவட்டத்தின் அடியில் நான்கு சிறு கொட்டைகள் அருகருகே அமர்ந்திருக்கும். நான்கும் முற்றாமல் ஒன்றிரண்டு சூம்பிப் போவதும் உண்டு. ஒவ்வொன்றும் 2.5 முதல் 4 மில்லிமீட்டர் நீளம். டெஸ்ஸெலேட்டா என்ற இனப்பெயர் இதன் மேற்பரப்பைக் குறித்தே வைக்கப்பட்டது: உருண்ட மேடுகள் இடைவெளியின்றி நெருக்கமாகப் பதிந்து, கல் பாவிய தரையின் தோற்றத்தைத் தரும். ஐந்து மடல் இனங்களின் கொட்டையில் மேடுகள் கூர்மையாகவும் ஒழுங்கின்றியும், இடையிடையே வரம்புகளோடும் இருக்கும். மொஹாவியின் மேற்கு ஓரத்திலும் சான் வாக்கீன் பள்ளத்தாக்கை ஒட்டிய குன்றுகளிலும் வளரும் அம்சிங்கியா வெர்னிகோசாவின் கொட்டை வழுவழுப்பாகப் பளபளக்கும். அச்செடியின் சாம்பல் பூத்த பச்சை இலைகளில் சுணையும் குறைவு. ஆகவே புல்லி, கொட்டை ஆகிய இரண்டும் ஒரே விடையைச் சொன்னால் இனத்தை ஐயமின்றி எழுதிக்கொள்ளலாம்.

தடுமாறவைக்கும் பிற செடிகள்

சுணையும் சுருளும் சேர்ந்த செடிகள் பாலைவனத்தில் பல. பூவின் நிறமே பெரும்பாலானவற்றை விலக்கிவிடும். கிரிப்டாந்தா வகைச் செடிகளுக்குச் சுணை ஃபிடில்நெக்குக்குச் சற்றும் குறையாதது, சுருளும் உண்டு. ஆனால் பூ வெண்மை, பெரும்பாலும் சில மில்லிமீட்டர் அகலமே, தொண்டையில் மட்டும் ஐந்து மஞ்சள் புடைப்புகள். முன்பு கிரிப்டாந்தா என்றே அழைக்கப்பட்ட பல இனங்கள் இப்போது ஜான்ஸ்டோனெல்லா, எரிமோகாரியா, ஓரியோகாரியா எனப் பிரிக்கப்பட்டுவிட்டன. அவற்றுள் எரிமோகாரியாவின் வேரை விரலால் நசுக்கினால் ஊதாச் சாயம் ஒட்டிக்கொள்ளும். தரையோடு தரையாகப் படர்ந்து, நான்கு கொட்டைகளும் சிலுவை வடிவில் விரிந்து, விளிம்பில் சீப்புப் பற்கள்போல் முள் வரிசை இருந்தால் அது பெக்டோகாரியா.

ஃபசீலியா செடிகளுக்கும் சுருள் பூங்கொத்து உண்டு. அவற்றின் பூ பொதுவாக நீலம் அல்லது ஊதா. சூல்தண்டு நுனியில் இரண்டாகப் பிளந்திருக்கும். காய் நான்கு கொட்டைகளாகப் பிரியாமல் ஒரே வெடிகனியாக இருக்கும். ஃபசீலியா கிரெனுலாட்டா போன்ற சிலவற்றின் பசைச் சுரப்பு தோலில் பட்டால் நாட்கணக்கில் நீடிக்கும் கடும் தடிப்பு வரக்கூடும். ஃபிடில்நெக் என்று எண்ணி அலட்சியமாகத் தொடுவது ஆபத்து. வெளிர்மஞ்சள் மணிகள்போல் பூக்கள் தலைகவிழ்ந்து தொங்கி, தண்டு பிசுபிசுத்தால் அது எமனாந்தே. இலையைச் சட்டையில் வைத்து அழுத்தினால் ஒட்டிக்கொண்டு வர மறுப்பது மென்ட்செலியா. அதன் மயிர்களில் பின்னோக்கிய முட்கள் உள்ளன, பூவிலும் அல்லிகள் தனித்தனியாகவும் மகரந்தத்தாள்கள் ஏராளமாகவும் இருக்கும்.

இவற்றையெல்லாம்விடக் கவனமாகப் பிரிக்க வேண்டியது சகாரா கடுகு. காரணம், இது இந்த மண்ணுக்கு உரிய செடி அன்று; வட ஆப்பிரிக்காவிலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் வந்து, 1920களில் கோச்செல்லா பள்ளத்தாக்கில் காணப்பட்டு, இன்று மொஹாவியிலும் சோனோராவிலும் மணற்பாங்கான இடங்களை ஆக்கிரமித்து, உள்ளூர் ஒருபருவச் செடிகளை நெருக்கித் தள்ளிக்கொண்டிருப்பது. இதன் அடியிலைகளிலும் தண்டின் கீழ்ப்பகுதியிலும் விறைப்பான சுணை இருக்கும். பூவும் மங்கிய மஞ்சள். பூக்கும் முன், தரையோடு ஒட்டிய இலைவட்டமாக இருக்கும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். சகாரா கடுகின் அடியிலை, முள்ளங்கி இலைபோல் இருபுறமும் மடல் மடலாக வெட்டுப்பட்டிருக்கும். ஃபிடில்நெக்கின் இலையோ வெட்டோ பல்லோ இல்லாத நீண்ட ஈட்டி வடிவம். பூ வந்துவிட்டால் ஐயத்துக்கே இடமில்லை: கடுகுக்கு நான்கு அல்லிகள், நீண்ட மெல்லிய காய், ஃபிடில்நெக்குக்கு ஐந்து மடல் கொண்ட குழல்பூ, புல்லிக்குள் ஒளிந்த கொட்டைகள். கடுகைக் களையும் தன்னார்வப் பணிகளில் சேர்பவர்கள் இந்த வேறுபாட்டை முதலில் பழகிக்கொள்வது நல்லது. சுணை இருந்தால் களை என்று எண்ணிப் பிடுங்கினால், லாரன்ஸ் பொற்குருவி விரும்பித் தின்னும் விதையும், பெயின்ட்டட் லேடி பட்டாம்பூச்சியின் புழுக்கள் மேயும் இலையும் சேர்ந்தே குப்பைக்குப் போய்விடும்.

படம் எடுப்பதும் பதிவிடுவதும்

ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலியில் பதிவிடுவதாக இருந்தால் ஒரே படம் போதாது. முழுச் செடியும் அது நிற்கும் இடமும் தெரிய ஒன்று. கறுப்பு அட்டையைப் பின்னால் வைத்துத் தண்டின் சுணை ஒன்று. பூவைப் பக்கவாட்டில் அளவுகோலோடு ஒன்று. காய்ப்பருவப் புல்லிவட்டத்தை இரு எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து இரண்டு. கிடைத்தால் கொட்டை ஒன்று. இவற்றுள் எதை விட்டாலும் புல்லிப் படத்தை மட்டும் விடக் கூடாது. கைபேசிக் கேமரா பின்புலத்தில் தெரியும் மலையின் மீது குவியத்தை வைத்துவிடும் பழக்கமுள்ளது என்பதால், லென்ஸைக் கேமராவின் கண்ணுக்கு முன்னே ஒட்டிப் பிடித்து, திரையில் புல்லியின் மீது விரலால் தொட்டுக் குவியத்தை நிறுத்திய பின் படமெடுக்க வேண்டும்.

செயலி தானாகச் சொல்லும் இனப்பெயரை அப்படியே ஏற்காதீர்கள். அது படத்தின் பொதுத் தோற்றத்தையும் இடத்தையும் ஒப்பிட்டு ஊகிக்கிறது. புல்லி மடல்களை எண்ணுவதில்லை. ஒரே பள்ளத்தாக்கில் இரண்டு ஃபிடில்நெக்குகள் கலந்து நிற்கும்போது அந்த ஊகத்துக்கு மதிப்பு குறைவு. மடல்களை நீங்கள் எண்ணியிருந்தால் அந்த எண்ணிக்கையைக் குறிப்பில் எழுதுங்கள்: எத்தனை பூக்கள் பார்த்தீர்கள், அவற்றுள் எத்தனையில் மடல்கள் ஒட்டியிருந்தன என்று. பின்னர் பார்க்கும் தாவரவியலாளருக்குப் படத்தைவிட அந்த ஒரு வரி உதவும்.

பருவம் தப்பிச் சென்றவர்களும் மனம் தளர வேண்டியதில்லை. மே மாத இறுதியில் செடி காய்ந்து வைக்கோல் நிறமாகிவிடும். சுணை அப்போதும் குத்தும். ஆனால் காய்ந்த புல்லிவட்டத்தின் மடல்கள் உதிராமல் ஒட்டிக்கொண்டிருக்கும், பலவற்றின் அடியில் கொட்டைகளும் தங்கியிருக்கும். உள்ளங்கையில் வெள்ளைத்தாளை ஏந்தி, காய்ந்த கொத்தை இடுக்கியால் தட்டினால் கொட்டைகள் தாளில் விழும். லென்ஸில் பார்த்துவிட்டு அங்கேயே மண்ணில் கொட்டிவிடலாம். பூவே இல்லாத அந்த நிலையில் செடியை இனம் வரை உறுதிசெய்வது, பூத்துக் குலுங்கும் மார்ச் மாதத்தில் செய்வதைவிடச் சுலபம். புல்லியும் கொட்டையும் இரண்டுமே கிடைக்காத இடத்தில் அம்சிங்கியா என்று பேரினத்தோடு பதிவை நிறுத்திக்கொள்ளுங்கள்.